பள்ளிக் கமிட்டியில் நமக்குள்ள நாற்காலி

தலைநகருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்திற்கு முதற் கவலை வீடு. அடுத்த கவலை குழந்தைகளின் பள்ளிக்கூடம். வீடு கிடைத்த பின்னரும் அதைப் பற்றிய விசாரணை நின்றுவிடுவதில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மாடியில் குடியிருப்பவர் எப்படிப்பட்டவர், அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பள்ளிக்கூடமோ, இடம் கிடைத்த அன்றே நம் மனத்தை விட்டு அகன்றுவிடுகிறது. காலையில் வாசலில் குழந்தையை விடுகிறோம். பிற்பகலில் அதே வாசலில் அழைத்துக்கொள்கிறோம். வாசலுக்கு அப்பால் நடப்பது ஆசிரியர் பாடு, தலைமையாசிரியர் பாடு, சர்க்கார் பாடு என்பது நம்மிற் பெரும்பாலோர் எண்ணம்.

அவ்வாறு எண்ணியிருக்கச் சட்டம் இன்று நமக்கு இடம் தரவில்லை. பாராளுமன்றம் 2009ஆம் ஆண்டில் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசாங்கத்தின் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. அக்குழுவின் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். மொத்த அங்கத்தினரிற் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். ஏழை எளிய, பின்தங்கிய குடும்பங்களுக்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம் உண்டு. டில்லி அரசாங்கத்தின் பள்ளிகளில் இக்குழுவில் 16 பேர். அவர்களுள் 12 பேர் பெற்றோர். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, தலைமைப் பொறுப்பு தாய்மார் ஒருவருக்கே உரியது என்று வகுத்தனர்.

இங்கிலாந்திலும் இத்தகைய குழுக்கள் உண்டு. அங்கே இதன் அங்கத்தினரைப் ‘பள்ளிக் கவர்னர்கள்’ என்று அழைக்கிறார்கள். நம் நாட்டில் கவர்னர் என்றதும் ராஜ்பவனும் சிவப்புக் கம்பளமும் நினைவுக்கு வந்துவிடுமாதலால் அப்பெயர் இங்கு வேண்டாம். கமிட்டி என்றே சொல்வோம், எவருக்கும் விளங்கும்.

நம்மவர் இக்கமிட்டிக்கு ஏன் போவதில்லை என்று விசாரித்தால், இரண்டு காரணங்களே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று, இந்தி சரியாகப் பேச வராது என்பது. அதைப் பின்னர்க் கவனிப்போம். மற்றொன்று, “நமக்கென்ன தெரியும்? நாம் படித்த படிப்புக்குப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களை நாம் கேள்வி கேட்பதா?” என்னும் கூச்சம். நானும் மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஆதலின் இக்கூச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத எனக்கு உரிமையுண்டு.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துவந்தன. சமையற் கூடத்தில் மூண்ட தீ, ஓலைக் கூரையைப் பற்றிக்கொண்டு மேல்மாடி வகுப்புகளுக்குப் பரவிற்று. 94 குழந்தைகள் மாண்டனர். அவர்கள் தொடக்க வகுப்புக் குழந்தைகள். பின்னர் விசாரணைக் கமிஷன் அமைந்தது. வழக்கு பத்தாண்டு நடந்து 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாதென்று தமிழ்நாட்டு அரசாங்கம் அவற்றை அகற்றச் செய்தது.

இங்கே நான் கேட்பது ஒன்றுதான். ஓலைக் கூரையைக் காண்பதற்கு எந்தப் பட்டம் வேண்டும்? அடுப்பெரியும் இடத்துக்கு அருகில் ஓலை இருப்பதும், மேல்மாடியிலிருந்து இறங்கும் வழி குறுகியதாக இருப்பதும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்து மூதாட்டியின் கண்ணுக்குக்கூடத் தட்டுப்படும். தன் வீட்டுக் கூரையாயின் அவள் அன்றே அடுப்பை இடம் மாற்றியிருப்பாள். ஆயினும், பள்ளிக்குள் நுழைந்து பார்த்து, “இது ஏன் இப்படி இருக்கிறது?” என்று கேட்கும் பொறுப்பு பெற்றோருக்கு அக்காலத்தில் சட்டப்படி இருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்பவர் ஆண்டில் ஒரு நாள் வருகிறவர். அன்றாடம் வாசல் வரையில் வந்து திரும்பியவர்கள் பெற்றோர்.

விசித்திரமாக அதே ஜூலை 16ஆம் தேதி, 2013ஆம் ஆண்டில், பீகாரில் சாரண் ஜில்லாவைச் சேர்ந்த கண்டாமன் என்னும் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது என்று இரசாயன ஆய்வு காட்டிற்று. எண்ணெயில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று சமைத்த பெண்ணே சொல்லியும் அது ஏற்கப்படவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. குழந்தைகளுக்குப் பரிமாறுமுன் ஓர் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் சிலர் உணவை உண்டு பார்க்கவேண்டும் என்ற ஏற்பாடு அப்பள்ளியில் உண்மையாகவே நடந்திருக்குமானால் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு கவளம் உண்டு பார்ப்பதற்கும் எந்தப் பரீட்சையும் தேற வேண்டியதில்லை.

கமிட்டியின் வேலை என்னவென்று விளங்கிக்கொள்ள எங்கள் இலாகாவிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுகிறேன். வண்டியின் கடைசியில் கார்டு இருக்கிறார். (2022 முதல் அவருக்கு ‘டிரெயின் மானேஜர்’ என்று உத்தியோகப் பெயர். நாங்கள் இன்னும் கார்டு என்றே சொல்லுகிறோம்.) அவர் என்ஜினை ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது. ஆயினும் அவர் கொடி காட்டாமல் வண்டி நகர்வதில்லை. வழியில் எங்கேனும் பெட்டியிலிருந்து புகை வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். பிரேக்கும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. புறப்பட்ட நேரமும் சேர்ந்த நேரமும் அவர் புத்தகத்தில் ஏறும். பள்ளிக் கமிட்டிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் ஏறத்தாழ இதுவே. பள்ளி நடப்பதைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துச் சிபாரிசு செய்தல், பள்ளிக்கு வரும் மானியங்கள் எவ்வாறு செலவாகின்றன என்று பார்த்தல் ஆகிய மூன்றையும் சட்டம் பெயரிட்டே கூறுகிறது.

இவற்றுள் முதலாவதான கண்காணித்தல் என்பது பார்வைக்கு எளிது; செய்யப் புகுந்தால் அதுவே மிகப் பெரிது. மத்திய அரசாங்கம் 2010இல் வெளியிட்ட விதிகள் அதற்குப் பொருள் சொல்லுகின்றன. ஆசிரியர் நாள்தோறும் நேரத்தில் வருகிறாரா? தம் மாணவருக்கே காசு வாங்கிக்கொண்டு டியூஷன் வைக்கிறாரா? (சட்டம் இதை அடியோடு தடுத்திருக்கிறது.) ஜனத்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் உதவி ஆகிய மூன்றையன்றி வேறு வேலைகளுக்கு ஆசிரியரைச் சர்க்கார் இழுத்துக்கொண்டு போகிறதா? சுற்றுவட்டாரத்திலுள்ள குழந்தைகள் யாவரும் சேர்ந்திருக்கிறார்களா. சேர்ந்தவர்கள் தொடர்ந்து வருகிறார்களா? மதிய உணவு ஒழுங்காக நடக்கிறதா? இவ்வளவும் கமிட்டி பார்க்கவேண்டியவை. கவனித்தீர்களா? ஆசிரியரைக் கேட்கவேண்டிய கேள்விகளோடு, ஆசிரியருக்காகச் சர்க்காரைக் கேட்கவேண்டிய கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. கமிட்டி என்றாலே ஆசிரியருக்கு எதிர்க்கட்சி என்று சில தலைமையாசிரியர்கள் எண்ணி முகம் சுளிப்பது காரணமற்றது.

கேள்வி கேட்பதற்கு அளவுகோல் வேண்டும் அல்லவா? அதையும் சட்டத்தின் அட்டவணை கொடுத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 குழந்தைகள் வரையில் இரண்டு ஆசிரியர்; 90 வரை மூவர்; 120 வரை நால்வர்; 200 வரை ஐவர். 150க்கு மேற்பட்டால் ஐந்து ஆசிரியரோடு தனியே ஒரு தலைமையாசிரியரும் வேண்டும். ஆண்டில் 200 நாட்களேனும் பள்ளி நடக்கவேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு 800 மணி நேரம் பாடம் நடக்கவேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையேனும் இருக்கவேண்டும். ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், விளையாடும் இடம், சுற்றுச் சுவர், நூல்நிலையம், உடல் ஊனமுற்ற குழந்தையும் தடையின்றி நுழையும் வழி ஆகியவை வேண்டும். மதிய உணவிலும் கணக்குண்டு. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. டில்லியில் இவ்வுணவு பெரிய பொதுச் சமையற் கூடங்களில் தயாராகி வண்டியில் வருகிறது. ஆதலின் அது எத்தனை மணிக்குச் சமைக்கப்பட்டு எத்தனை மணிக்குக் குழந்தையின் தட்டில் விழுகிறது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். அதிலும் இந்நகரத்து மே மாதத்து வெயிலில் கேட்கவேண்டும்.

எங்கள் ரயில்வே குடியிருப்புக்கு அருகிலுள்ள தொடக்கப் பள்ளி ஒன்றின் கமிட்டியில் நான் இரண்டாண்டு இருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே அவசியமில்லை. எங்கள் கமிட்டியில் நம் தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையாரும் இருந்தார். மூன்றாவது கூட்டம் வரையில் அவர் வாய் திறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நான்காவது கூட்டத்தில் அவர் கேட்டார்: “எம் பொண்ணு காலையில கொண்டு போற தண்ணிய அப்படியே திருப்பிக் கொண்டு வருதே, ஏன்?” தலைமையாசிரியைக்கு விடை தெரியவில்லை. விசாரித்ததில், பெண் குழந்தைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது வெளிவந்தது. அங்கே போக வெட்கப்பட்டு, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தனர். தாழ்ப்பாளுக்கு ஆன செலவு, நாங்கள் வெள்ளையடிக்கப் போட்ட மதிப்பீட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. அந்த அம்மையார் கல்வி இயலில் தேர்ந்தவர் அல்லர்; திரும்பி வந்த புட்டியைத் தூக்கிப் பார்த்தவர்.

பணத்தைப் பற்றியும் சில சொற்கள். கமிட்டிக்கு வரும் தொகையைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும். ஆண்டுதோறும் தணிக்கைக்குக் காட்டவேண்டும். நம்மவர் பள்ளிக்குக் கொடுப்பதில் என்றும் பின்வாங்கியவர் அல்லர். காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைத் தலைவராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. கரும்பலகை, நாற்காலி, கட்டடம், நிலம், மதிய உணவுக்கு அரிசி என்று ஜனங்கள் தாமே வாரிக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் இன்றும் நம் இரத்தத்தில் ஓடுகிறது. ஆனால் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் கூடவே ஓடுகிறது. அலுவலகத்தில் பத்து ரூபாய் இம்ப்ரெஸ்டுக்கு மூன்று வவுச்சர் எழுதும் நாம், குழந்தையின் பள்ளியில் ஆயிரக்கணக்கில் செலவாவதைக் கேட்க வெட்கப்படுவதற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை.

வளர்ச்சித் திட்டம் என்பது மூன்றாண்டுக்கு உரியது. அதற்குள் ஆண்டுக்கொரு சிறு திட்டம் அடங்கும். அதை நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்னரே, அதாவது டிசம்பருக்குள், எழுதி அனுப்பியிருக்கவேண்டும். மார்ச்சு மாதத்தில் விழித்துக்கொண்டு அறை வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று மனுப்போடும் கமிட்டிக்கு அடுத்த ஆண்டும் ஒன்றும் கிடைப்பதில்லை.

கேட்கவேண்டியவை இவ்வளவும் இருக்க, கேட்கக்கூடாதவையும் சில உண்டு. கார்டு என்ஜினில் ஏறக்கூடாது என்று சொன்னேன். கணக்கை எந்த முறையில் சொல்லிக்கொடுப்பது, எந்தப் பையனை முதற் பெஞ்சில் உட்காரவைப்பது என்பவை ஆசிரியரின் வேலை. இவ்வெல்லை கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் வடபகுதியில், இஸ்லிங்டனில், வில்லியம் டிண்டேல் பள்ளியில் நடந்தது சாட்சி. 1974இல் அங்கு வந்த புதிய தலைமையாசிரியரும் அவரைச் சேர்ந்த ஆசிரியர் சிலரும், குழந்தைகள் தம் விருப்பம் போலவே கற்கவேண்டும் என்று ஒரு புது முறையைப் புகுத்தினர். பெற்றோர் பலர் கலங்கிக் குழந்தைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றினர். கமிட்டியாருள் சிலர் (அந்நாளில் தொடக்கப் பள்ளிகளில் அவர்களை மானேஜர்கள் என்று அழைத்தனர்) நேரே பேசித் தீர்க்காமல் ஆசிரியருக்கு விரோதமாகக் கையெழுத்து வேட்டையில் இறங்கினர். ஆசிரியர்கள் கமிட்டியார் முகத்தில் விழிக்க மறுத்தனர். மேலதிகாரிகளோ நெடுங்காலம் கைகட்டி நின்றனர். 1975இல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு அது முற்றிற்று. விசாரணை நடத்திய ஆல்டு என்னும் வழக்கறிஞர் 1976இல் வெளியிட்ட அறிக்கையில் ஆசிரியர், கமிட்டியார், அதிகாரிகள் ஆகிய மூன்று தரப்பாரையும் கண்டித்திருந்தார். அடுத்த ஆண்டு டெய்லர் கமிட்டி, ஒவ்வொரு பள்ளியிலும் கல்வி அதிகாரிகள், ஆசிரியர், பெற்றோர், ஊரார் ஆகிய நால்வகையாரும் சமமாக அமரவேண்டுமென்று சிபாரிசு செய்தது. கமிட்டியில் பெற்றோருக்குத் தேர்தல் மூலம் இடம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுதியாயிற்று. அதாவது, சண்டை வந்தது என்பதற்காக அந்நாட்டார் பெற்றோரை வெளியே அனுப்பவில்லை. ஒழுங்குபடுத்தி உள்ளே உட்காரவைத்தார்கள்.

இனி, நம்முடைய தமிழ்ப் பள்ளிகளுக்கு வருவோம். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தை அறியாத தமிழர் இந்நகரில் இரார். இந்திய சர்க்காரின் அலுவலகங்கள் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் டில்லிக்குமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1923ஆம் ஆண்டு, மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் அது தோன்றிற்று. தென்னாட்டிலிருந்து வந்த உத்தியோகஸ்தர் தம் குழந்தைகளுக்காகத் தாமே ஆரம்பித்தது அது. அதாவது பெற்றோரே பள்ளியும் நிர்வாகமுமாக இருந்தனர். நூறாண்டைக் கடந்த அக்கழகத்தின் கீழ் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா ரோடு, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழிடங்களில் பள்ளிகள் இருக்கின்றன.

சர்க்கார் உதவி பெறும் இத்தகைய பள்ளிகளுக்கு 1973ஆம் ஆண்டு டில்லிப் பள்ளிக் கல்விச் சட்டமும் அதன் விதிகளும் உரியவை. 59ஆம் விதியின்படி உதவி பெறும் பள்ளியின் நிர்வாகக் கமிட்டியில் 15 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. தலைமையாசிரியர், ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த இருவர், வேறு பள்ளி அல்லது கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியர் இருவர், கல்வி இயக்குநர் நியமிக்கும் இருவர் ஆகியோருக்கு இடம் ஒதுக்கியபின், பெற்றோர்-ஆசிரியர் சங்கம் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு உரிய இடம் எத்தனை தெரியுமா? ஒன்று. மிகுந்த இடங்கள் பள்ளியை நடத்தும் சங்கத்தைச் சேர்ந்தவை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் உதவி பெறும் பள்ளிகளுக்கும் பெற்றோர் மிகுந்த மேலாண்மைக் குழுவைக் கொடுத்ததேனும், 2012இல் வந்த திருத்தம், அப்பள்ளிகளிலும் சிறுபான்மையோர் பள்ளிகளிலும் அக்குழு யோசனை சொல்லலாம், அவ்வளவே என்று குறுக்கிவிட்டது.

ஆகவே மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் குழந்தையை விட்டிருக்கும் கூலித் தொழிலாளிக்குச் சட்டப்படி இருக்கும் பிடி, உதவி பெறும் பள்ளியில் விட்டிருக்கும் குமாஸ்தாவுக்கு இல்லை. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. சங்கம் தன் பொருளும் உழைப்பும் கொடுத்து நடத்தும் பள்ளியில் சங்கத்துக்கு மிகுந்த குரல் இருப்பது நியாயமே. ஆனால் அந்த ஒரே நாற்காலியில் யார் உட்காருகிறார், எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார், கூட்டத்திலிருந்து திரும்பி வந்து மற்றப் பெற்றோருக்கு என்ன சொல்லுகிறார் என்பவற்றைப் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கேட்கவேண்டும். யோசனை சொல்லும் குழுதானே என்று அதையும் அலட்சியம் செய்யலாகாது. யோசனை எழுத்தில் ஏறி, நடவடிக்கைக் குறிப்பில் பதிந்துவிட்டால், அதைத் தள்ளுகிறவர் காரணம் சொல்லவேண்டி வரும்.

இவையெல்லாம் வெறும் விதிமுறைப் பேச்சல்ல என்பதைச் சமீபத்திய சம்பவம் ஒன்று காட்டும். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் கரையிலிருந்த மதராஸிக் காம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் முதல் தேதி இடிக்கப்பட்டது. அங்கிருந்தவை ஏறத்தாழ 370 குடும்பங்கள். பெரும்பாலும் நம் மக்கள். அவர்களில் முதற் கணக்கில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்று கண்டனர். நரேலாவோ நகரத்தின் வடகோடி. ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். காம்பிலிருந்த பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்தவர்கள். ஏழு வயதுக் குழந்தை நாள்தோறும் அவ்வளவு தூரம் போய்வருதல் இயலாது. போகாவிட்டால் வீட்டுக்கு அண்மையில் உள்ள பள்ளி. அங்கே தமிழ் இல்லை. குழந்தையின் தாய்மொழியிலேயே, முடிந்த வரையில், பாடம் நடக்கவேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்லுவது இத்தகைய வீதிகளில் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

ஆயினும் அதே சட்டம் இக்குழந்தைகளுக்கு வேறு சில காப்புகளைத் தருகிறது. 9ஆம் பிரிவு, இடம் பெயர்ந்து வந்த குடும்பத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வதை உள்ளூராட்சியின் கடமையாகவே வகுத்திருக்கிறது. 5ஆம் பிரிவின்படி, பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது. 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லையென்று மறுக்கக்கூடாது. 15ஆம் பிரிவின்படி, சேர்க்கைக் காலம் கடந்துவிட்டதென்றும் மறுக்கக்கூடாது. ஆண்டு நடுவில் மாற்றல் உத்தரவு வந்து, மூட்டை முடிச்சோடு வேறு ஜங்ஷனுக்குப் போகும் எங்கள் ரயில்வே குடும்பங்களுக்கும் இப்பிரிவுகள் பொருந்தும். சுற்றுவட்டாரத்துக் குழந்தைகள் யாவரும் பள்ளியில் இருக்கிறார்களா என்று பார்ப்பது கமிட்டியின் வேலை என்று முன்னரே சொன்னேன். ஆதலின் புதிதாக வந்து இறங்கிய குடும்பத்தின் குழந்தை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால், அங்குள்ள கமிட்டியின் பெற்றோர் அங்கத்தினர் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்லவேண்டும். அந்தக் கமிட்டியில் நம்மவர் ஒருவரேனும் இருந்தால் தேட வேண்டியதே இராது.

மொழியைப் பற்றிப் பின்னர்ச் சொல்வதாக எழுதியிருந்தேன். கூட்டம் இந்தியில்தான் நடக்கும். நடவடிக்கைக் குறிப்பும் இந்தியில்தான் எழுதப்படும். ஆனால் இந்நகரில் நம் பெண்மக்களின் இந்தி, அலுவலகம் போகும் ஆண்களின் இந்தியைவிடப் பெரும்பாலும் மேலானது. கடையிலும் சந்தையிலும் வேலை செய்யும் வீட்டிலும் பழகி வந்த மொழி அது. எங்கள் கமிட்டியில் நான் ஒரு வாக்கியத்துக்கு வினைச்சொல் தேடிக்கொண்டிருக்கும்போது, மேலே சொன்ன அம்மையார் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார். எழுத்துதான் தடை. அதற்கு அவர் ஒரு வழி கண்டிருந்தார்: கூட்ட முடிவில் குறிப்பை உரக்கப் படிக்கச் சொல்லி, தாம் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே கையெழுத்திடுவார். குறிப்புகள் பொதுஜனங்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும் என்றே விதி இருப்பதால், யாரும் மறுக்கவில்லை.

இக்குழுக்களின் ஆயுள் பெரும்பாலும் இரண்டாண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சிறிது மாறும். தேர்தல் அறிவிப்பு பள்ளியின் பலகையில் ஒட்டப்படும். சில பள்ளிகளில் குழந்தையின் டயரியில் எழுதியனுப்புவதும் உண்டு. நம் சங்கத்து அன்பர்களில் இந்தி எழுதத் தெரிந்தவர்கள் தத்தம் பேட்டையில் இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, அந்த அறிவிப்பைப் படித்து அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தேதியைச் சொல்லுவது. மற்றொன்று, சேர்க்கை மறுக்கப்பட்ட குழந்தைக்கு மனு எழுதிக் கொடுப்பது. மனு நான்கு வரிக்கு மேல் வேண்டியதில்லை: குழந்தையின் பெயரும் வயதும், முன் படித்த பள்ளியும் வகுப்பும், இப்போது குடியிருக்கும் விலாசம், மேலே சொன்ன பிரிவுகளின் எண்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, மற்றொன்றில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.